பெண்டாட்டிக்கே மறுபடியும் தாலி

செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் காலை ரயிலில் கடைசிக்கு முந்தின பெட்டி எங்களுடையது. ஏழு வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்து வருகிறோம், அவ்வளவுதான் பாத்தியதை. நான் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவன். எதிர் சீட்டில் முத்துப்பேச்சி அக்கா. மடியில் பிச்சிப்பூவைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள். ஜங்ஷன் வருவதற்குள் கட்டி முடித்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில், திங்கள்கிழமையானால், கோமதிநாயகம் அண்ணாச்சி. கீழக்கடையத்துக்குப் பக்கத்து ஊரில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து விடுகிற வேலை. ஆனால் அவர் வாயைத் திறந்தால் மூட எந்த வால்வும் கிடையாது.

அன்றைக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரி சேதுராமலிங்கம் மூச்சு வாங்க ஏறினார்.

"மக கல்யாணத்த வச்சாலும் வச்சேன், கால் தேஞ்சு போச்சு. பந்தல்காரனப் பிடி, சமையக்காரனப் பிடி, மேளக்காரனப் பிடி. ஒருத்தனும் போனை எடுக்க மாட்டேங்கான்."

அண்ணாச்சி ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார். "எதுக்குவே அவன் இவனைப் பிடிக்கணும்? என் கல்யாணத்துக்கு நான் ஒத்த ஆளைக் கூப்பிடல. எல்லாம் நானே."

"உம்ம கல்யாணம் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்திலா நடந்துச்சு?"

"அது முதல் தடவை. நான் சொல்லுதது ரெண்டாம் தடவை."

முத்துப்பேச்சி அக்காவின் கை நின்றுவிட்டது. "ஏ அண்ணாச்சி! வீட்டுல பிரமு மைனிக்குத் தெரியுமா?"

"அவதான் பொண்ணே, தாயி!"

அண்ணாச்சி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

"ஒருநா சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். பிரமு திடீர்னு கேக்கா: 'கல்யாணத்துல தாலிக்கு எத்தன முடிச்சு?' மூணுன்னேன். 'நீங்க போட்டது எத்தன?' ஒண்ணுன்னேன். 'மிச்சம் ரெண்டு?' நம்ம வழக்கம்தான, எங்க அக்கா போட்டா. 'அப்போ மூணுல ரெண்டு பங்கு நான் உங்க அக்காவுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன். இருபத்தஞ்சு வருஷமா அவ அதிகாரம் பண்ணுதது இப்பல்லா எனக்குப் புரியுது'ங்கா."

சேதுராமலிங்கமே சிரித்துவிட்டார். "நியாயமாத்தான இருக்கு?"

"நியாயம்தான். அதோட விட்டாளா? 'மறுபடியும் கட்டுங்க. மூணு முடிச்சும் நீங்களே போடுங்க. போன தடவை எல்லாத்தையும் உங்க மாமா பாத்தாரு, நீங்க மாப்பிள்ளைன்னு மரப்பாச்சி மாதிரி உக்காந்திருந்திய. இந்தத் தடவை ஒரு துரும்பையும் அடுத்தவன் எடுத்துப் போடக் கூடாது. முடியாதுன்னா சொல்லிருங்க, நான் ஓசூர்ல மக வீட்டுல போயி இருந்துக்கிடுதேன்'னு பெட்டிய எடுத்து வாசல்ல வச்சிட்டா. விளையாட்டுன்னு நினைச்சேன். பெட்டியைத் தூக்கிப் பாத்தா, கனமா இருக்கு."

அண்ணாச்சி பெட்டியை மறுபடி கீழே வைக்கிற மாதிரி கையைத் தாழ்த்தினார். அந்தக் கனம் மட்டும் பொய்யில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அடுத்த நிமிஷமே அவர் பழையபடி ஆகிவிட்டார்.

"முதல்ல பத்திரிகை. பிரஸ்ஸுக்குப் போகல. கையாலயே எழுதினேன். ஒரே காலையில மூவாயிரம் பத்திரிகை. எழுத்துன்னா எழுத்து, முத்து முத்தா. வாங்கினவன் ஒருத்தனும் கல்யாணத் தேதியப் பாக்கல, எழுத்தையே பாத்துக்கிட்டு நிக்கான். அதுல ஒண்ணு காத்துல பறந்து குத்தாலத்துல போயி விழுந்துட்டு. கல்யாணத்தன்னைக்கு விடிஞ்சு பாக்கேன், தெரு முழுக்கக் குரங்கு. ஒவ்வொண்ணும் கையில ஒரு மாம்பழம். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு அதுகளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

"குரங்குக்கு வாசிக்கத் தெரியுமா?" என்றேன்.

"தம்பி, நீ டைப் அடிக்கத வக்கீலே வாசிக்காரு. நான் எழுதினதக் குரங்கு வாசிக்காதா?"

முத்துப்பேச்சி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்தது பந்தல். தென்னங்கீத்து முடைய உக்காந்தேன். கை சூடு பிடிச்சிட்டு. நிறுத்த மறந்துட்டேன். நிமிந்து பாத்தா, பந்தல் தெருவத் தாண்டி, வயலத் தாண்டி, ரயில் தண்டவாளத்து மேல ஏறிட்டு. இதே ரயிலு அதுக்குள்ள வருது. பட்டப்பகல்ல இருட்டுன உடனே எல்லாரும் லைட்டப் போட்டாவ. புனலூர்ப் பாதையில உள்ள மலைக் குகை வந்துட்டு, ஊர் பக்கம்னு நினைச்சு ஒரு மலையாளத்துக்காரர் இறங்குததுக்கு மூட்டையத் தூக்கிட்டாரு. பந்தலுக்கு அந்தக் கடைசியில மழை பெய்யுது, இந்தக் கடைசியில வெயில் அடிக்கி. அந்தக் கடைசிக்காரங்க குடையப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்தா, இங்க உள்ளவன், 'வெயிலுக்கா குடை? என்ன பந்தா!'ங்கான்."

"நான் தினமும் இந்த வண்டியிலதான் வாரேன் அண்ணாச்சி. பந்தல் எதையும் பாக்கலியே?"

"நீ தூங்கிருப்ப."

அது உண்மையாகவும் இருக்கலாம்.

"பூவு?" என்றாள் முத்துப்பேச்சி அக்கா. அவள் தொழில் அது, சும்மா விடுவாளா?

"ரெண்டு மாலை கட்டினேன் தாயி. நீயெல்லாம் ஒரு கண்ணிக்கு நாலு பூ வைப்ப. நான் நாப்பது வச்சேன். என் மாலையப் பாத்துட்டுச் சுத்துப்பட்டி வண்டெல்லாம் வந்து, ஒரு வாரத்துக்கு எந்தத் தோட்டத்துலயும் ஒரு வண்டு கிடையாது."

அக்கா மடியிலிருந்து நான்கு பூவையும் ஒரு நாரையும் எடுத்து நீட்டினாள். "எங்க, இதக் கட்டுங்க பாப்போம்."

அண்ணாச்சி நாரை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "ரயில் ஆடுதுலா."

வீரவநல்லூரில் வண்டி நின்றது. ஆட்டம் சுத்தமாக நின்றது. அக்கா நாரை மறுபடி நீட்டினாள். அண்ணாச்சி பிளாட்பாரத்தில் யாரோ தெரிந்தவரைத் தேடுகிற மாதிரி வெளியே எட்டிப் பார்த்தார். வண்டி கிளம்பின பிறகுதான் தலை உள்ளே வந்தது.

"சமையலுக்கு வருவோம். மூவாயிரம் பத்திரிகைன்னா பத்தாயிரம் பேரு. அவ்வளவு பேருக்குப் பரிமாற நான் ஒருத்தன். என்ன பண்ணுவேன்? யோசிச்சேன். நம்ம கையிலதான் தொட்டி இருக்கே! ஊர் மேல்நிலைத் தொட்டியக் கழுவி விட்டேன். அடியில விறகை அடுக்கி, மேல ஏறி நின்னு, துடுப்பை வச்சுக் கிண்டினேன். சாம்பார். பக்கத்துத் தெருத் தொட்டியில ரசம். வால்வத் திறந்து விட்டேன் பாருங்க, கீழத் தெருக் குழாய் எல்லாத்துலயும் சாம்பார், மேலத் தெரு முழுக்க ரசம். இலையை எடுத்துக்கிட்டுக் குழாயடியில உக்காந்துக்கிட வேண்டியதுதான். பொம்பளைங்க குடத்தைக் கொண்டாந்துட்டாளுவ. குழாய்க்குள்ள முருங்கைக்காய் அடைச்சிக்கிட்டதுதான் ஒரே தொந்தரவு. அதையும் ஒரு குச்சிய விட்டு நானே எடுத்தேன்."

"அப்பளம்?" சேதுராமலிங்கம் சாய்ந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். பரம்பரையாக அப்பளம் போடுகிற ஊர்க்காரர். இங்கே அண்ணாச்சி மாட்டிக்கொள்வார் என்று அவருக்கு நிச்சயம்.

"ஒரே அப்பளம்."

"பத்தாயிரம் பேருக்கு?"

"ஒண்ணுதான். களத்துமேட்டுல போட்டு உருட்டினேன். குளக்கரையில ஒரு பெரிய கொப்பரை வச்சு எண்ணெயில விட்டேன். அது பொரிஞ்சு உப்பினதப் பாத்தீருன்னா... எந்திரிச்சு நிக்கிது! காத்துல அப்படியே மெல்லத் தூக்குது. எங்க மச்சினன் ஓரத்தப் பிடிச்சான், அவனையும் தூக்கிட்டு. சனம் சாப்பிடுத குழாயடிக்கு மேல போயி நின்னுக்கிட்டு. அந்நேரம் பாத்து மழை. அத்தனை சனமும் அப்பளத்துக்குக் கீழ வந்து ஒதுங்கிட்டு. ஒருத்தர் மேல ஒரு சொட்டு விழல."

சேதுராமலிங்கம் துள்ளி எழுந்தார். "மாட்டிக்கிட்டீரு! மழை பட்டா அப்பளம் நமத்துரும்வே! எங்க ஊர்ல பச்சப்பிள்ளைக்குத் தெரியும்!"

"நமத்துச்சு. நான் இல்லைங்கலையே? நமத்துத் தொங்கத் தொங்க, அவனவன் நின்ன இடத்துலயே எட்டிப் பிச்சுத் தின்னான். மழை விடவும் அப்பளம் தீரவும் சரியா இருந்துச்சு. மச்சினன் அப்படியே பையக் கீழ வந்து இறங்கினான்."

சேதுராமலிங்கம் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய அப்பளத்துக்கு எத்தனை மூட்டை உளுந்து பிடிக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

"இப்பதான் கஷ்டமான கட்டம். மேளம். நாதஸ்வரத்த வாயில வச்சு, தவிலக் கழுத்துல மாட்டி, ரெண்டையும் நானே வாசிச்சேன். அது பெரிய காரியமில்ல. ஆனா தாலி கட்டும்போது கெட்டிமேளம் அடிக்கணும்லா? கை ரெண்டும் தவில்ல இருந்தா தாலியை எந்தக் கையால கட்ட? மூணு நாளு சோறு இறங்கல. அப்புறம் மேற்க பாத்தேன். பொதிகை மலை நிக்கிது. முகூர்த்தத்துக்கு ஏழு நிமிஷத்துக்கு முந்தி தவில ஓங்கி அடிச்சேன். சத்தம் கிளம்பி மலைக்குப் போச்சு. நான் தவிலக் கழட்டி வச்சு, கை கால் கழுவி, வேட்டிய இறுக்கிக் கட்டி, மணவறையில உக்காந்து, தாலியக் கையில எடுக்கேன், எதிரொலி வந்து டமடமன்னு விழுது. ஒரு வினாடி முந்தல, ஒரு வினாடி பிந்தல."

"சத்தம் போயிட்டு வர ஏழு நிமிஷமா ஆகும்?" என்றேன்.

"போகும்போது ஏத்தம்லா தம்பி? மலையேறணும்லா? ஆறு நிமிஷம். இறங்கும்போது ஒரே நிமிஷம்."

"ஐயரு?" என்றார் சேதுராமலிங்கம், தோற்றுப்போன குரலில்.

"நான்தான். இந்தப் பக்கம் உக்காந்து மந்திரத்தச் சொல்லுவேன், அந்தப் பக்கம் ஓடிப்போய் மாப்பிள்ளையா அதத் திருப்பிச் சொல்லுவேன். போன வேகத்துல, ஜனங்களுக்கு ரெண்டு பேரு உக்காந்திருக்க மாதிரியே தெரிஞ்சுச்சு. ஒரு கிழவி வந்து, 'மாப்பிள்ளைய விட ஐயரு லட்சணமா இருக்காரு'ன்னு பிரமு காதுல சொல்லிட்டுப் போறா. எனக்கு வந்துச்சே கோவம், அந்த ஐயர் மேல!"

முத்துப்பேச்சி அக்கா பூவை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அதெல்லாம் கிடக்கட்டும் அண்ணாச்சி. மூணு முடிச்சும் போட்டியளே, மைனி என்ன சொன்னாவ?"

அண்ணாச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேரன்மகாதேவி தாண்டி ஒரு வாய்க்கால் வரும், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவ என்ன சொல்லுவா," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "தாயி, உனக்குத் தெரியாது. பொண்ணு பாக்கப் போனப்போ, எங்க வீடு மச்சு வீடுன்னு சொல்லிட்டேன். மேல நின்னா தோரணமலை தெரியும், காத்து பிச்சுக்கிட்டு வரும்னு. வாய்ல வந்துட்டு, சொல்லிட்டேன். கல்யாணம் முடிஞ்சு வந்தவ, வெளக்கேத்தினா, பாலு குடிச்சா, அப்புறம் வீட்டையே ரெண்டு சுத்துச் சுத்தினா. என்ன தேடுதேன்னு கேட்டேன். 'மாடிப்படி எங்க இருக்கு?'ன்னா."

முத்துப்பேச்சி அக்கா ஓரமாக வைத்த பூவை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டாள்.

"அழல. சண்டையும் போடல. பொதிகைப் பக்கமா ஒரு ஜன்னல் இருக்கு, அங்கன போயி நின்னுக்கிட்டா. இப்ப மறுகல்யாணம்னு பேச்சு வந்தப்போ நான் பந்தலச் சொல்லுதேன், மேளத்தச் சொல்லுதேன், பத்தாயிரம் பேரச் சொல்லுதேன். அவ, 'அதெல்லாம் உங்க இஷ்டம். எனக்கு ஒரு வாக்குத்தான் வேணும். மந்திரத்துல வேண்டாம், தமிழ்ல, உங்க வாயால, நாலு பேரு முன்னால. இனிமே பொய் சொல்ல மாட்டேன்னு'ங்கா."

"சொன்னீரா?" என்றார் சேதுராமலிங்கம்.

"சொல்லணும்."

"சொல்லணுமா? அப்போ கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"நடந்துச்சா?" அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காலண்டர் தாளை எடுத்து விரித்தார். "வார ஆவணி பதினாறு, ஞாயித்துக்கிழமை. நம்ம வீட்டுலதான். மூணு பேரும் வந்துரணும். பத்தாயிரம் எல்லாம் இல்ல, இருபது பேரு. பிரமு தங்கச்சி சாம்பார் வைக்கா. கடையில சொன்ன மாலை. எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிட்டேன், 'நீ தள்ளியே நில்லு'ன்னு."

சேதுராமலிங்கம் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் என்னவே? குரங்கு, தொட்டி, அப்பளம்?"

"இன்னும் பதிமூணு நாளுதான் இருக்கு," என்றார் அண்ணாச்சி பாவமாக. "அப்புறம் வாயத் திறந்தா நெசம் மட்டுந்தான் வரணும். வாக்குன்னா வாக்குதான், அவகிட்ட இனி மீற முடியாது. மனசுக்குள்ள இவ்வளவையும் வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லித் தீத்துரணும்லா?"

பேட்டையில் வண்டி வேகத்தைக் குறைத்தது. முத்துப்பேச்சி அக்கா கட்டி முடித்த பூவைச் சுருட்டிக் கூடைக்குள் வைத்தாள். ஈரத்துணியைப் போட்டு மூடினாள். அண்ணாச்சியை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

"பதிமூணு நாளு எப்படி அண்ணாச்சி பத்தும்? பேசாம கல்யாணத்த அடுத்த ஆவணிக்குத் தள்ளிப் போடுங்க."