இரண்டாவது கொட்டு

துளசிமணி கும்மி வாத்தியாராகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தனக்குச் சொல்லித்தந்த நஞ்சப்பன் வாத்தியாரைத் தேடி அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தபோது, அவர் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

“அரங்கேற்றத்துக்குப் பத்து நாள்தானுங்க இருக்கு. முப்பத்திரண்டு பேரு பழக வந்தாங்க. இப்ப ஒம்பது பேரு. ஆளு நிலைச்சு நிக்கற மாதிரி எப்படிங்க சொல்லித்தர்றது?”

“மொதல்ல வராம போனது யாரு, அம்மிணி?”

“மயிலாத்தா. நூல் மில்லுக்குப் போற அம்மா.”

“ஏன்?”

துளசிமணி முந்தானையைத் திருகினாள். பெருமையான சங்கதியாக இருந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பாள்.

“அஞ்சாவது அடியில ரெண்டு தடவை கைகொட்டித் திரும்பணுமுங்களே, அவங்க ஒரே கொட்டுல திரும்பிக்குவாங்க. எத்தனை சொன்னாலும் அப்படித்தான். ஒரு நாளு மைக்கிலயே சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“மயிலாத்தாளுக்கு மட்டும் தனிக் கும்மி, மத்தவங்க ஒதுங்கிக்கங்கன்னு.”

“சிரிச்சாங்களா?”

“எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாளு அவங்க வரலீங்க. கூட மில்லுக்குப் போறவங்களும் வரலீங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க.”

வாத்தியார் கையை உதறிக்கொண்டு களத்துக்கு வந்தார்.

“ஆடு, அம்மிணி” என்றார்.

அவர் பாட, இருவரும் வட்டமாகச் சுற்றி வந்தார்கள். ஐந்தாவது அடியில் அவர் ஒரே முறை கொட்டித் திரும்பிப் போய்விட்டார். துளசிமணி இரண்டாவது கொட்டைக் கொட்டிவிட்டு அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள்.

“ஒரு கொட்டு விட்டுப்போச்சுங்களே?”

“விட்டுப்போகலை. எங்க வாத்தியாரு எனக்குச் சொல்லித்தந்தது இதுதான்.”

“எங்களுக்கு ரெண்டுதானுங்களே சொல்லித்தந்தீங்க?”

“மொத மாசம் ஒண்ணுதான். அப்ப நீ ஒரு வாரம் வராம இருந்துட்டே, நெனப்பிருக்கா?”

இருந்தது. திரும்பும் இடத்தில் கால் பின்னிக்கொண்டு, இனி நமக்கு இது ஆகாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாத்தியாரின் மனைவிதான் வந்து கையோடு கூட்டிப்போனார். அன்றைக்கே திரும்பல் சரியாக வந்துவிட்டது. இரண்டு கொட்டு என்பதைத் தான்தான் முன்பு சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தாள். மாமியார் இல்லாத நேரத்தில் அடுப்படியில் ஆடிப் பழகினேன், அதனால்தான் வந்தது என்றுதான் ஒரு வருடமாக மாணவர்களிடம் மைக்கில் சொல்லிவந்தாள்.

“அந்த வாரத்துலதான் இன்னொரு கொட்டைச் சேத்தோம். உன் எடது காலு வந்து சேர்றதுக்கு நேரம் வேணுமில்ல? நாப்பது பேரும் மாத்திப் பழகினாங்க. உங்கிட்ட யாரும் சொல்லலை.”

துளசிமணிக்கு முகம் எரிந்தது. அந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். ஒருத்தர்கூட ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்று மைக்கைப் பிடித்திருந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் முன்னால் அழுவதற்குக்கூட வெட்கமாக இருந்தது.

வாத்தியார் மறுபடியும் மாட்டுப் பக்கம் போனார். அவளும் பின்னாலேயே வந்தாள்.

“மயிலாத்தா வீட்டுக்குப் போறேனுங்க” என்றாள். “போய் என்னன்னு சொல்லட்டுங்க?”

“நீ சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒரே கொட்டுல எப்படித் திரும்பறதுன்னு அந்தம்மாகிட்டப் பழகிட்டு வா, அம்மிணி.”