ஊர் இல்லை என்று ஒரு தண்டோரா

ஒச்சப்பனுக்குக் கெடுதல் செய்தவர்களில் முதல் இடம் கஜானாக்காரர் தாண்டவராயருக்கு. இரண்டாவது இடம் சூரசிம்ம ராஜாவுக்கு. மழைகூட அவர்களுக்குப் பிறகுதான்.

வெகுகாலத்துக்கு முன்னால் அந்த ராஜா ஆண்ட சீமையில் நெடுமடை என்றொரு ஊர் இருந்தது. ஊர் வயல்களுக்கெல்லாம் ஒரே கண்மாய். ஒரு பெருமழையில் அதன் கரை உடைந்து தண்ணீரெல்லாம் ஓடிப்போனது. கண்மாய் மராமத்துக்கென்று ராஜா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆகிற செலவில் அரண்மனை இரண்டு பங்கு, ஊர் ஒரு பங்கு. ஊர்க்காரர்கள் காசாகவும் தரலாம், மண் சுமந்தும் கழிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தாண்டவராயர் அதற்கொரு வால் ஒட்டினார்: "ஊர்ப் பங்கு முதலில் முடியட்டும். அப்புறம் அரண்மனைப் பங்கு."

விளைச்சல் போன ஊர் எதைத் தரும்? ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு ஆற்றுப்பாசனப் பக்கம் போனார்கள். கடைசியில் ஒச்சப்பன் பெண்சாதி இருளாயியும் தன் அண்ணனோடு வண்டி ஏறினாள். "கண்மாயில தண்ணி நின்னா சொல்லி அனுப்பு. வர்றேன்" என்றாள்.

ஒச்சப்பன் மட்டும் போகவில்லை. பகலெல்லாம் உடைப்பில் மண் கொட்டினான். சாயங்காலம் ஆடுகளோடு பேசினான். பதில் சொல்ல அவைதான் இருந்தன. அதையும் பொறுக்கவில்லை தாண்டவராயருக்கு. ஆள் அனுப்பி, "நெடுமடை ஊர் வரி பாக்கி" என்று மந்தையையே ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம், உடைப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒற்றை ஆளாக அடைத்துவிட்டு ஒச்சப்பன் அரண்மனைக்கு நடந்தான்.

"மகாராஜா, ஊர்ப் பங்கு முடிஞ்சது. அரண்மனைப் பங்கு வரணும்."

கண்மாய் நிலத்தில் புல் வளர்த்துக் குதிரைகளை மேய்க்க வேண்டுமென்று தாண்டவராயருக்கு ஓர் ஆசை. அவர் குறுக்கே விழுந்தார். "எந்த ஊரடா? நீ ஒருத்தனா ஊர்?"

"ஆமா சாமி. ஊர்க்கூட்டம் போட்டா நான்தான் நாட்டாமை, நான்தான் கூட்டம். சண்டை மட்டும் வர்றதில்லை."

சபை சிரித்தது. ராஜாவுக்கு மோர் இனித்தால் ஒரு நியாயம், புளித்தால் ஒரு நியாயம். அன்றைக்குப் புளித்திருந்தது.

"பொழுது சாய்வதற்குள், நெடுமடை என்று ஓர் ஊர் இருக்கிறதென்று என் சபையில் யாரையாவது சொல்ல வை. சொல்லிவிட்டால் இரண்டு பங்கும் தருகிறேன். இல்லையென்றால் கண்மாய் தாண்டவராயருக்கு."

கஜானாக்காரரைப் பகைத்துக்கொண்டு யார் வாய் திறப்பார்கள்? ஒச்சப்பன் கையைக் கூப்பினான்.

"தோத்தேன் மகாராஜா. ஊர் இல்லை. அதையே தண்டோரா போடச் சொல்லுங்க. போற இடத்துல எந்த ஊருன்னு கேட்டா, பதில் சொல்ற வேலை மிச்சம்."

தாண்டவராயரே ஓடிப்போய்த் தண்டோராக்காரனைக் கூட்டி வந்தார். "நெடுமடை என்று ஓர் ஊர் இல்லை! இல்லவே இல்லை!"

சத்தம் அடங்கியது. ஒச்சப்பன் முற்றத்தில் இறங்கி நின்று, நாக்கை மடித்து, மந்தைக்குக் கொடுக்கும் குரலைக் கொடுத்தான்.

தாண்டவராயர் வீட்டுக் கொல்லை அரண்மனைக்கு அடுத்தது. வேலியை முறித்துக்கொண்டு ஆடுகள் சபைக்குள் பாய்ந்தன. ஒரு கிடா மந்திரியின் மாலையைத் தின்றது. கிழட்டு வெள்ளாடு ஒன்று ஒச்சப்பன் முழங்காலில் நெற்றியை முட்டி நின்றது. ஒரு வருஷத்தில் அவன் குரலுக்குப் பதில் வந்தது அன்றைக்குத்தான்.

"யார் ஆடுகள்?" என்றார் ராஜா.

"என்னோடது மகாராஜா. ஐயா கொல்லையில இருந்துச்சு."

"திருட்டா, தாண்டவராயரே?"

"ஐயோ, இல்லை! ஊர் வரிக்குப் பிடித்தது!"

"எந்த ஊர் வரிக்கு?"

"நெடு..." என்று இழுத்தார். இல்லாத ஊருக்கு வரி பிடித்தால் அது திருட்டு. அரண்மனையில் திருட்டுக்குக் கழுமரம். தாண்டவராயர் ராஜா காலில் விழுந்தார். "இருக்கிறது மகாராஜா! நெடுமடை இருக்கிறது! என் கண்ணால் பார்த்த ஊர்!"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். "இரண்டு பங்கும் கொடுங்கள். முதல் கூடை மண் தாண்டவராயர் தலையில் ஏறட்டும்!" பிறகு கண்ணைச் சுருக்கினார். "ஆனால் ஒச்சப்பா, ஊர் இருந்தால் வரியும் நியாயம்தானே? ஊர் இல்லையென்றால் ஆடு உனக்கு. இருக்கிறதென்றால் ஆடு எனக்கு, கண்மாய் உனக்கு. எது வேண்டும்?"

ஒச்சப்பன் வெள்ளாட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"கண்மாய், மகாராஜா. ஆடு எனக்கு மட்டும்தான் துணை. தண்ணி நின்னா ஊரே வரும்."

"பலே! ஊர் நிறைந்த அன்றைக்கு இந்த ஆடுகளை நானே ஓட்டி வந்து விடுவேன். இது என் வாக்கு."

தாண்டவராயர் கூடை சுமந்தார். உடைப்பு அடைபட்டது. ஐப்பசியில் கண்மாய் ததும்பியது. ஒச்சப்பன் எல்லாருக்கும் சொல்லி அனுப்பினான். இருளாயியிடமிருந்து பதில் வந்தது: "இங்க நாத்து நட்டாச்சு. அடுத்த போகம் பாப்போம்." அடுத்த போகமும் அதே பதில்தான் வந்தது. மற்ற வீடுகளும் பூட்டித்தான் கிடந்தன.

அரண்மனையில் போய் ஆடுகளைக் கேட்டால், "ஊர் இன்னும் நிறையவில்லையே" என்கிறார்கள்.

காலையில் மடையைத் திறந்து ஆளில்லாத வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறான். பிறகு கரைமேல் ஏறி, அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்து அந்தக் குரலைக் கொடுக்கிறான். அக்கரை வரைக்கும் தண்ணீர். குரல் அதன்மேல் போய்த் திரும்பி வருகிறது. ராஜா தரவேண்டிய ஆடுகள் இன்னும் வரவில்லை.