பென்சிலில் எழுதிய படிவம்

ஒரு கல்லூரியின் கல்வியியல் துறை அலமாரியில் நீல அட்டை போட்ட தடித்த ஆய்வேடு ஒன்று குடியிருந்தது. ‘உயர்கல்வியின் தரம்: ஆய்வுப் போக்குகள்’ என்று நெற்றியில் தங்க எழுத்து. துறைத்தலைவி செங்கமலம் எழுதிப் பட்டம் வாங்கியது. பன்னிரண்டு ஆண்டாக அதை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. எழுத்தர் ஏசுவடியான் மாணவர் கருத்துப் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்தொன்பதிலும் ‘மிக நன்று’. ஒன்றில் மட்டும் பென்சிலில், ‘மூன்றாம் அலகு புரியவில்லை. இன்னொரு தடவை நடத்துவீர்களா?’

“உன்ன வச்சா மார்க்கு போயிரும்,” என்று முனகியபடி அதை ஆய்வேட்டுக்குள் செருகினார். “இதுக்குள்ள யார் பாக்கப் போறா. குழு போனதும் கிழிச்சிரலாம்.”

“கொஞ்சம் நகருங்க அண்ணாச்சி,” என்றது படிவம்.

“பாத்து, தாளெல்லாம் ஒட்டிக் கிடக்கு. நீ எத்தனை பக்கம்?”

“ஒண்ணே ஒண்ணு. நீங்க?”

“முந்நூத்திப் பன்னெண்டு. மேற்கோள் மட்டும் நானூறு.”

“அம்மாடி. எதப் பத்தி?”

“தரத்தப் பத்தின ஆராய்ச்சி எந்தத் திசையில போகுதுன்னு.”

“எந்தத் திசையில போகுது?”

ஆய்வேடு யோசித்தது. “எனக்கு முந்தி வந்த ஏட்டுக்கிட்ட நான் கேட்டேன். அது தனக்கு முந்தினதக் கேட்டிருக்கு. அடுத்தது வந்து என்னக் கேக்கும்னு இருக்கேன். இன்னும் காணோம்.”

“வகுப்புல உக்காந்தவங்க யாரையும் கேக்கலையா?”

நானூறு மேற்கோளையும் துழாவிப் பார்த்தது. அதில் ஒரு மாணவர்கூட இல்லை.

பிறகு படிவத்திடம் சொன்னது: “பயப்படாத. நாளைக்கு என்னத் தூக்கிக் காட்டுவாங்க. நீ இருக்கிற இடத்துலதான் திறப்பேன்.”

“உங்க மானம் போயிருமே அண்ணாச்சி.”

“மூடிக் கிடந்து மட்டும் என்னத்த வாழ்ந்தேன்.”

மறுநாள் குழுத்தலைவர் தங்க எழுத்தைப் பார்த்துவிட்டு, “அதக் கொஞ்சம் காட்டுங்க மேடம்,” என்றார். செங்கமலம் பெருமையாக எடுத்து மேசையில் வைத்தார். ஆய்வேடு சொன்ன இடத்தில் அகலமாக விரிந்தது.

உள்ளே கிடந்த படிவத்தைக் குழுத்தலைவர் படித்தார். ஏசுவடியான் சுவரைப் பார்த்தார்.

“மூணாம் அலகு யார் எடுத்தது?” என்றார் தலைவர்.

“நான்தான் சார். வேகமாப் போயிட்டேன் போல.” செங்கமலம் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்ப அந்தப் பிள்ளைங்க வகுப்புலதான் இருக்காங்க. நீங்களும் வாங்க, கடைசி பெஞ்சு காலியாத்தான் இருக்கும்.”

படிவத்தை வாங்கிக் கையில் பிடித்தபடியே நடந்தார். குழுவும் பின்னால் போனது. சாக்பீஸ் டப்பாவோடு ஏசுவடியானும் ஓடினார்.

மேசைமேல் ஆய்வேடு விரிந்து கிடந்தது. அதை மூடிவைக்க அறையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் வகுப்புக்குப் போயிருந்தார்கள்.