எஃகு தீர்ந்த உளி

சுடலைமணியைக் குரு என்று யாராவது அழைத்தால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நான் கதவு ஜன்னல் செய்யுதவன். குருவும் கிடையாது, குருவியும் கிடையாது" என்பார். இருந்தாலும் இந்தக் கதையில் அவர்தான் குரு. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சீடர் ஆவுடையப்பன். குருவைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி பிரமு இறந்து, காரியமெல்லாம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, அம்பாசமுத்திரத்தில் இருந்த சுடலைமணியின் பட்டறை வாசலில் ஒரு நாள் வந்து நின்றார்.

"எனக்கு மரவேலை சொல்லித் தரணும்."

"இந்த வயசுல எதுக்கு அண்ணாச்சி?"

"வீட்ல ஒரு டபுள் கட்டில் கிடக்கு. அதைச் சிங்கிளா ஆக்கணும்."

"அதுக்குப் போய் படிப்பாங்களா? நான் ஆள் அனுப்புதேன். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுக் குடுத்துருவான்."

"வேண்டாம். நான்தான் வெட்டணும்."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஒரு கழிவுக் கட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

"உக்காருங்க."

ஆவுடையப்பன் நல்ல சீடர். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்ய மாட்டார். சட்டத்தின் முனையில் நாக்குச் செதுக்கி, அதைக் கால் கட்டையின் துளைக்குள் இறுகப் பொருத்தப் பழகிவிட்டார். சாணை பிடிப்பதில்தான் சொதப்பினார். பட்டறையில் இருந்த வேகச் சாணையில் உளியை வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தியதில், சூடேறி முனையில் நீலம் பாய்ந்துவிட்டது. நீலம் பாய்ந்த இடத்தில் கூர் நிற்காது.

"என்ன அண்ணாச்சி, மலை இறக்கத்துல பிரேக்கை மிதிக்குத மாதிரி மிதிக்கிய?" என்றார் குரு.

சீடர் வெட்கப்பட்டார். அன்றைக்கு அவர் சிரித்ததாகவும் பட்டறையில் சொல்வார்கள்.

குருவே ஒரு மெஷினைச் சொன்னார். மெதுவாகச் சுற்றும் மெஷின். கல் தண்ணீர்த் தொட்டியில் நனைந்தபடியே சுற்றுவதால் சூடு ஏறாது. உளி சாயாமல் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி உண்டு. கடைசியில் பளபளப்பு ஏற்ற மறுபக்கம் ஒரு தோல் சக்கரம்.

"மெஷின்ல தீட்டினா தப்பில்லையா வாத்தியாரே?"

"என் வீட்லயும் அதான் இருக்கு. கையால தீட்டினாத்தான் வேலைக்காரன்னு எவனாவது சொன்னா நம்பாதிய. மரத்துக்கு அதெல்லாம் தெரியாது."

ஆவுடையப்பன் மெஷின் வாங்கினார். குரு தன்னிடம் உபரியாக இருந்த உளிகளையும் ஓர் இழைப்புளியையும் கொடுத்தனுப்பினார். எல்லாம் கொல்லுப் பட்டறையில் அடித்த பழைய சாமான்கள்.

அதோடு சீடர் பட்டறைக்கு வருவது நின்றுபோனது. போன் மட்டும் வந்தது.

"வாத்தியாரே, கூர் பத்தல."

"கை ரோமத்தை வழிச்சுப் பாத்தியளா?"

"வழிக்குது."

"அப்ப கட்டில்ல வேலைய ஆரம்பிங்க."

"இன்னும் கொஞ்சம் தீட்டிக்கிடுதேன்."

சில வாரம் கழித்து மறுபடியும் போன்.

"கட்டில் முடிஞ்சுதா அண்ணாச்சி?"

"தேக்குல்லா வாத்தியாரே. கூர் நல்லா ஏறணும்லா."

மழைக்காலம் வந்து போனது. கல்யாண மாதங்களில் குருவுக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். அவர் போகவில்லை. குருமார்களும் மனிதர்கள்தான், பக்கத்துத் தெருவில் இருப்பவரைத்தான் முதலில் மறப்பார்கள்.

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் ஆவுடையப்பன் தானே வந்தார். மெலிந்திருந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சு வாத்தியாரே. எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்க மாட்டேங்கு."

குரு செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே வைத்தார். தன் உளி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அவருடன் நடந்தார்.

வீடு சுத்தமாக இருந்தது. ஒரு வீடு அவ்வளவு சுத்தமாக இருக்கக் கூடாது. அடுக்களையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கூடத்தின் நடுவில் மெஷின். அதை ஒட்டியே சுருட்டி வைத்த பாயும் ஒரு தலையணையும்.

"இங்கனயா படுக்கிய?"

"ஆமா."

குரு மெஷினைப் போட்டார். கல் சுற்றியது. தொட்டித் தண்ணீர் சளசளத்தது. காது கொடுத்துக் கேட்டார். பழுது எதுவும் தெரியவில்லை. அணைக்கப் போனார்.

"ஓடட்டும்" என்றார் ஆவுடையப்பன். "சத்தம் இருந்தா வீட்ல ஆள் இருக்க மாதிரி இருக்கு."

குரு சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"எப்பம் எல்லாம் தீட்டுதிய?"

"காலையில காப்பி குடிச்சதும் உக்காந்துருவேன். உளி எல்லாம் முடிஞ்சா இழைப்புளி பிளேடு. அதுவும் முடியும்போது சாயந்திரம் ஆயிரும்."

"மறுநாளு?"

"திரும்ப முதல்ல இருந்து."

குரு அவருடைய இடது கையைப் பார்த்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு ரோமம்கூட இல்லை. கூர் பார்த்துப் பார்த்தே வழித்துத் தீர்ந்திருந்தது. வரிசையாக வைத்திருந்த உளிகளில் ஒன்றை எடுத்தார். அவர் கொடுத்தபோது ஒரு சாண் நீளமிருந்த தகடு, பாதிக்கும் கீழே வந்திருந்தது. மூலையில் கிடந்த ஒரு கட்டையில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். முனை தகரம் போல மடங்கியது.

அடுத்த உளியும் மடங்கியது. அதற்கடுத்ததும்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. உளியில எஃகு தீந்துபோச்சு."

"தீந்துபோச்சா? உளியே எஃகுதான?"

"முழுசும் கிடையாது. கொல்லுப் பட்டறையில அடிக்கும்போது முனையில மட்டும் ஒரு துண்டு எஃகை ஒட்டி அடிப்பாங்க. அதுக்குப் பின்னால வெறும் பச்சிரும்பு. எஃகு இருக்க வரைக்கும்தான் கூரு."

"அப்ப அந்த எஃகு எங்க போச்சு?"

குரு தொட்டிக்குள் விரலை விட்டு அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காட்டினார். சாம்பல் நிறச் சேறு.

"இதுல கொஞ்சம். மிச்சத்தை எங்க கொட்டுனியளோ, அங்கன."

ஆவுடையப்பன் பின்வாசலைப் பார்த்தார். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் முருங்கை மரத்தடியில்தான் கொட்டுவார். அங்கே தரை கறுத்து இறுகிக் கிடந்தது.

"ஒரு வெட்டுகூட வெட்டலையே வாத்தியாரே." மடங்கிய உளி ஒன்றைக் கையில் எடுத்தார். "உங்ககிட்டயும் இதே மெஷின்தான. உங்க உளி மட்டும் எப்படி நிக்குது?"

"மழுங்கினாத்தான் தீட்டுவேன்."

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். குரு விரலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"கட்டில் எங்க?"

அறைக் கதவு வெகுநாள் திறக்கப்படாமல் இறுகியிருந்தது. குரு தோளால் தள்ளித் திறந்தார். பிரமுவின் வீட்டிலிருந்து சீராக வந்த கட்டில். அகலமான தேக்கு. மேலே துவைத்த விரிப்பு சுருக்கமில்லாமல் போட்டிருந்தது. குரு தலைமாட்டுப் பக்கம் விரிப்பைத் தூக்கினார். சட்டத்தின் ஒரு முனையில் பென்சில் கோடு. மறு முனையிலும் கோடு. இரண்டையும் அழித்து, போட்டு, மறுபடி அழித்து, மரமே மங்கிப்போயிருந்தது.

"எந்தப் பக்கம் யாரு?"

"சுவர்ப் பக்கம் பிரமு. இந்தப் பக்கம் நான். முதல் பஸ் எடுக்கணும்னா விடியுததுக்கு முன்ன எந்திரிக்கணும். அவளை எழுப்பாம இறங்கணும்லா."

"ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிய."

ஆவுடையப்பன் கட்டிலில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"அவ பக்கத்தை வெட்டினா, நானே அவளை வீட்டை விட்டு அனுப்புத மாதிரி இருக்கு. என் பக்கத்தை வெட்டினா, அவ படுத்த இடத்துல நான் ஏறிப் படுக்கணும். அதுக்கும் மனசு வரல. இப்படியே அகலமா கிடந்தா, கைய நீட்டி நீட்டிப் பாத்து முழிச்சுக்கிடுவேன். எப்படியாவது முடிச்சிரணும்னு உளியக் கையில எடுப்பேன். கூர் பத்தலைன்னு தோணும். கூடத்துக்குப் போயிருவேன். கடைசியில படுக்கையும் அங்கனயே ஆயிட்டு."

குரு விரிப்பை முழுவதும் சுருட்டி எடுத்தார்.

"எந்தப் பக்கத்தை வெட்ட? நீங்களே சொல்லிருங்க வாத்தியாரே. நீங்க எதைச் சொன்னாலும் வெட்டிருதேன்."

குரு குனிந்து கட்டிலின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். அங்கே பலகை புதிது போல மேடாக இருந்தது. இரண்டு ஓரமும் லேசாகத் தாழ்ந்திருந்தன.

"நடுவுல யாரு படுத்தா?"

"நடுவுலயா?" ஆவுடையப்பன் கொஞ்சம் யோசித்தார். "பிள்ளை இருந்தாத்தான நடுவுல போட. எங்களுக்குத்தான் இல்லையே. அந்த இடம் சும்மாவே கிடந்தது."

குரு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பழைய கோடுகளைத் தொடவில்லை. சுவர்ப் பக்க முனையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கோடு போட்டார். சுற்றி வந்து, இந்தப் பக்க முனையிலும் அதே அளவு தள்ளி ஒரு கோடு போட்டார். பையிலிருந்து தன் உளியை எடுத்து ஆவுடையப்பன் கையில் வைத்தார்.

"வேலை ரெட்டிப்பு ஆகும். ரெண்டு முனையிலயும் புதுசா நாக்கு வெட்டணும்."

"எதுக்கு வாத்தியாரே ரெண்டு முனையிலயும்?"

"உங்க பக்கத்துல கொஞ்சம், அவங்க பக்கத்துல கொஞ்சம் எடுத்துருவோம் அண்ணாச்சி. யாரும் படுக்காத இடம்தான் மிஞ்சும். அதுல நீங்க படுங்க."