மாசானமுத்து கவிழ்த்த பஞ்சாரம்

கோழியும் பாம்பும் மனிதனோடு நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் காட்டு ஊர் ஒன்றில் மாசானமுத்து என்றொருவன் இருந்தான். கை வேகமானவன். அவன் மனைவி ஆவுடைத்தாய் எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் தொடுவாள்.

அவர்கள் வீட்டில் ஒரு சாம்பல் நிறக் கோழி இருந்தது. அது முதலில் பொரித்த குஞ்சுகளைப் பருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இந்த முறை பொரித்தவை ஏழு. கோழிக்கு வானத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அந்நாளில் கோழிகளும் நம்மைப் போல இரண்டு கண்ணாலும் ஒரே பக்கம்தான் பார்க்கும்.

ஒரு நாள் உச்சிவெயிலில் முற்றத்து மண்ணில் ஒரு நிழல் வட்டமிட்டது.

"அண்ணாச்சி, வந்துட்டான். பிள்ளைகளை மூடுங்க" என்று கோழி கத்தியது.

குஞ்சுகள் ஓடிப்போய்ப் விறகுக்காகச் சேர்த்த காய்ந்த பருத்திச்செடி, பருத்திமார்க் குவியலின் ஓரத்தில் ஒடுங்கின. கோழிக்குஞ்சுகளை மூடி வைக்கும், உள்ளே தெரியாதபடி நெருக்கமாகப் பின்னிய பெரிய பஞ்சாரக் கூடை சுவரில் சாய்ந்திருந்தது. மாசானமுத்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஏங்க, குவியல் ஓரத்துல என்னமோ அசையுது. பார்த்து மூடுங்க" என்றாள் ஆவுடைத்தாய், வாசலில் நின்றபடி.

"நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள பருந்து சாப்பிட்டுக் கை கழுவிரும்."

கவிழ்த்தான். பஞ்சாரம் புரளாமல் இருக்க அதன்மேல் ஒரு குழவிக்கல்லையும் வைத்தான். ஏழு குஞ்சுகளும் உள்ளே, கோழி வெளியே. பருந்து வேப்பமரத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"எப்படி? எடுத்தேன், கவிழ்த்தேன். வேலை முடிஞ்சது" என்றான் மாசானமுத்து.

உள்ளே குஞ்சுகள் அலறின. கோழி பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏன் அண்ணாச்சி இப்படிக் கத்துதுக?"

"பருந்தைப் பார்த்த பயம்."

கொஞ்ச நேரம் போயிற்று.

"சத்தம் குறையுதே அண்ணாச்சி."

"பயம் தெளியுது."

"லேசாத் தூக்கிப் பாருங்களேன்."

"தூக்கினா மரத்துல இருக்கிறவன் இறங்கிருவான். பொறு."

அவன் சொன்னதும் பொய்யில்லை. பருந்து அங்கேதான் இருந்தது. கோழி மரத்தைப் பார்த்தது, பஞ்சாரத்தைப் பார்த்தது, மறுபடி மரத்தைப் பார்த்தது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க அதற்கு வழியில்லை. உள்ளே மூன்று குரல்கள் கேட்டன. பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

ஆவுடைத்தாய் யாரையும் கேட்கவில்லை. வந்து கல்லைத் தள்ளினாள், பஞ்சாரத்தைத் தூக்கினாள். விளிம்போரம் ஒரு குஞ்சு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சாரைப்பாம்பு, வயிறு புடைத்து, நகர முடியாமல் கிடந்தது.

மாசானமுத்து கம்பைத் தேடினான்.

"என்னை ஏன் அடிக்க வர்றே? நான் எலி தேடி என் வழியில போய்ட்டிருந்தேன். இதுகளோட சேர்த்து என்னை மூடினது நீ" என்றது பாம்பு.

"பருந்து வந்துச்சு, அதனால..." என்று கோழியிடம் இழுத்தான் அவன்.

"பருந்துகிட்ட விட்டிருந்தா ஒண்ணுதான் போயிருக்கும் அண்ணாச்சி" என்றது கோழி. மிஞ்சிய குஞ்சைச் சிறகுக்குள் வாங்கிக்கொண்டது. மனிதனிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தார் கேட்டபோது, ஆவுடைத்தாய் கணவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்: "எடுத்தேன் கவிழ்த்தேன்னு செஞ்சார்." பேச்சு ஊரைத் தாண்டியது. கோபத்தில் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியவனையும், விசாரிக்காமல் பெண் கொடுத்தவனையும், முன்பின் யோசிக்காமல் எதிலும் இறங்கியவனையும் மற்றவர்கள் அதே சொல்லால் குறித்தார்கள்.

கோழி பேச்சை விட்டது, பார்வையை மாற்றிக்கொண்டது. அன்று முதல்தான் அது தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை வானத்திலும் மறு கண்ணை மண்ணிலும் வைத்துக்கொண்டு குஞ்சுகளை மேய்க்கிறது.