நிறையாத அறையின் கதவு

முன்னொரு காலத்தில், கடலுக்கு இந்தப் பக்கம் தேக்கனூர் என்று ஓர் ஊர் இருந்தது. அதை ஆண்ட ராஜாவின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. நம் கதைக்கு அவர் வேண்டியதும் இல்லை, அரண்மனையிலேயே சௌக்கியமாக இருக்கட்டும். நமக்கு வேண்டியவள் தேனம்மை. கப்பல் வியாபாரி சாத்தப்பனின் மனைவி. சாத்தப்பன் வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பான். வீட்டில் இருப்பது அவளும் மகள் உமையாளும்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கல்யாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களை முற்றத்தில் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து சுற்றிப் பார்க்கும். தேனம்மையின் கல்யாணத்தில் ஒரு பாயை விரித்தால் அதுகூட நிரம்பாத அளவுக்குத்தான் சாமான். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று தலை குனிந்தவள், உமையாள் பிறந்த அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தாள். இவள் கல்யாணத்துக்குப் பரப்புகிற சாமான் முற்றத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருமுனை வரை போக வேண்டும்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் வந்த எதுவும் வெளியே போகவில்லை. பித்தளை அண்டா வந்தது, பீங்கான் ஜாடி வந்தது, வெள்ளித் தாம்பாளம் வந்தது. அதெல்லாம் சரி. மூடி போன டப்பா, டப்பா போன மூடி, பலகாரம் வந்த ஓலைப்பெட்டி, அந்த ஓலைப்பெட்டியைக் கட்டி வந்த கயிறு, இவையும் இருந்தன. "இதை எறிஞ்சிடலாமா ஆச்சி?" என்று வேலைக்காரி கேட்பாள். "இருக்கட்டும்" என்பாள் தேனம்மை. "எதுக்காச்சும் ஆகும், இருக்கட்டும்."

வீட்டின் முதல் கட்டு நிறைந்தது. இரண்டாம் கட்டு நிறைந்தது. மூன்றாம் கட்டும் நிறைந்து, தாயும் மகளும் இரண்டு அண்டாக்களுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும்படி ஆயிற்று.

அப்படி இருக்கையில் ஒரு போகியன்று, உச்சி வெயிலில், தெருவில் ஒருவன் கூவிக்கொண்டு வந்தான். கதவு விற்கிறவன். முதுகில் ஒற்றைத் தேக்குக் கதவைச் சுமந்திருந்தான். கதவின் நடுவில் யாளி முகம் வைத்த பித்தளை வளையம். வாங்கிய கதவை எந்தச் சுவரில் சாத்தினாலும் அதற்குப் பின்னால் ஓர் அறை முளைக்கும் என்றான், எவ்வளவு போட்டாலும் அந்த அறை நிறையாது என்றான். தேனம்மைக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது.

விலை என்ன என்று கேட்டாள்.

"காசெல்லாம் வேண்டாம் ஆச்சி. மூணு வருஷம் கழிச்சு இதே போகிக்கு வருவேன். அந்த மூணு வருஷத்துல இந்த வீட்டுக்குள்ள உங்க கை படாதது எது இருக்குதோ, அதை எடுத்துக்குவேன்."

பித்தளை யாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அவன் சட்டென்று தோள் துண்டை எடுத்து அதன் முகத்தைக் கட்டினான். தேனம்மை அதைக் கவனிக்கவில்லை. தன் கை படாத சாமான் தன் வீட்டில் ஏது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, சரி என்று சொல்லிவிட்டாள்.

கடைசிக் கட்டின் சுவரில் கதவைச் சாத்திவிட்டு அவன் போனான். தேனம்மை அதைத் தள்ளிப் பார்த்தாள். பார்த்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் தூண்கள். ஒவ்வொரு தூணும் இரண்டு ஆள் கட்டிப் பிடித்தாலும் பிடிபடாது. கூரை எங்கே இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. விளக்கு ஒன்றும் இல்லாமலேயே எங்கும் விடியற்கால வெளிச்சம். ஓர் அண்டாவை உருட்டி உள்ளே வைத்தாள். தூரத்துச் சுவர் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தது. இன்னொன்றை வைத்தாள், இன்னோர் அடி நகர்ந்தது. அவள் கைகூப்பிக் கும்பிட்டாள்.

வீட்டுச் சாமான் எல்லாம் உள்ளே போயிற்று. அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதே! கை படாமல் எதுவும் விட்டுப் போய்விடக் கூடாது என்று தேனம்மை விடிந்ததும் உள்ளே போவாள். திங்கள் பித்தளை, செவ்வாய் செம்பு, புதன் பீங்கான் என்று முறை வைத்துத் தடவித் துடைப்பாள். துணியால் துடைத்தால் கை பட்டதாக ஆகுமோ ஆகாதோ என்று வெறும் கையாலேயே துடைத்தாள். எந்த அண்டாவுக்கு எந்த இடத்தில் நசுங்கல், எந்த ஜாடிக்கு எந்தப் பக்கம் கீறல், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்படி ஆகிப்போயின அந்தக் கைகள்.

முதல் வருஷம் உமையாள் கதவருகே வந்து நின்றாள். "ஆத்தா, பல்லு விழுந்திருச்சு, பாருங்க." தேனம்மை, "இருடி, இந்தத் தாம்பாள வரிசை முடியட்டும்" என்றாள்.

இரண்டாம் வருஷம் உமையாளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுச் சீதைதான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத் துணி போட்டாள். தேனம்மை கையெல்லாம் தூசியோடு வந்து எட்டி நின்று எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் வருஷம், "ஆத்தா, நான் உங்க இடுப்பைத் தாண்டி வளந்துட்டேன், பக்கத்துல வந்து நின்னு பாருங்க." அதற்கும், "இருடி, இந்த ஜாடி வரிசை முடியட்டும்."

இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. ஆனால் அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. எல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தானே செய்தாள்.

மூன்றாவது போகியும் வந்தது. கதவுக்காரனும் வந்தான். தேனம்மை தலையை நிமிர்த்திக்கொண்டு அவனைக் கூட்டிப்போனாள். அவன் அறை நடுவில் நின்று மூன்று முறை கை தட்டினான். "கை பட்டதா?" என்று கேட்டான்.

அப்போது அங்கே நடந்ததைப் போல அவள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அண்டாக்கள் அடிவயிற்றிலிருந்து "பட்டது" என்றன. தாம்பாளங்கள் கணீரென்று "பட்டது" என்றன. கரண்டிகளும் மூடிகளும் கயிறும்கூடக் கீச்சுக் குரலில் "பட்டது, பட்டது" என்றன. அந்தக் குரல் தூணுக்குத் தூண் தாவி, எங்கோ தூரத்தில் போய் அடங்க வெகுநேரம் ஆனது. தேனம்மைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோற்றுப்போனீர் ஐயா, போய் வாரும் என்று அவனிடம் சொன்னாள்.

"நான் அறைக்குள்ளன்னு சொல்லலையே ஆச்சி. வீட்டுக்குள்ளன்னுதான் சொன்னேன்."

அவன் முற்றத்துக்கு வந்தான். அங்கே உமையாள் வெயிலில் நின்று தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "கை பட்டதா?" என்று அவளையும் கேட்டான்.

உமையாள் அம்மாவைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "இல்லை" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவள் நின்ற இடத்தில் ஈரக் காலடி இரண்டு மட்டும் இருந்தன. உள்ளே எங்கேயோ ஒரு சாமான் கூடிய சத்தம் கேட்டது.

தேனம்மை நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்தாள். கதவுக்காரன் இரங்கவில்லை. மறக்கப்பட்டதெல்லாம் தன் சொத்து, அதுதான் தன் தொழில் என்றான். அவள் போய்க் கதவைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிய குலுக்கலில் துண்டு அவிழ்ந்து விழுந்தது, பித்தளை யாளி மூன்று வருஷமாக அடக்கி வைத்த மூச்சை விட்டது.

"மீட்கிற வழியைச் சொல்லாமல் போனால் மந்திரம் செல்லாது. அவன் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன், கேள்" என்றது யாளி. "உன் மகள் உள்ளே ஒரு சாமானாக இருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குள் இந்த அறை காலியாக வேண்டும். ஒவ்வொரு சாமானும் அதைப் புழங்கப் போகிற ஒரு கைக்குப் போக வேண்டும். சும்மா எறிந்தால் திரும்பி வந்துவிடும். ஒன்றே ஒன்றை நீ வைத்துக்கொள்ளலாம். அது உன் மகளாக இருந்தால் பிழைத்தாள். மகளைத் தூக்கி ஊரார் கையில் கொடுத்துவிட்டால், காலத்துக்கும் அவள் சாமான்தான்."

அலறல் கேட்டு வந்திருந்த சீதை தெருத் தெருவாக ஓடி ஊரைக் கூட்டினாள். வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். தேனம்மை ஒவ்வொரு சாமானையும் எடுத்துக் கண்ணை மூடி இரண்டு கையாலும் தடவினாள். உமையாளா, உமையாளா என்று கேட்டுக்கொண்டாள். கை அதை அடையாளம் கண்டுகொண்டதும், அது யாருக்கு வேண்டும் என்று வரிசையைப் பார்த்தாள். அண்டாக்கள் கல்யாணச் சமையல்காரர்களுக்குப் போயின. ஜாடிகள் ஊறுகாய் போடுகிறவர்களுக்கு. மூடி போன டப்பா ஒரு வீட்டுக்கு, டப்பா போன மூடி இன்னொரு வீட்டுக்கு. அந்தக் கயிற்றுக்குக்கூட ஒரு கன்றுக்குட்டி இருந்தது. ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது தூரத்துச் சுவர் ஓரடி முன்னால் வந்தது. தூண்கள் ஒவ்வொன்றாகத் தரைக்குள் இறங்கின. ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

நடுவில் ஒரு மரகதக் கிண்ணம் கைக்கு வந்தது. பழக்கம் விடுமா, வாய் தானாக "இருக்கட்டும்" என்றது. உடனே சுவர் நூறடி பின்னால் போயிற்று. பதறிப்போய் அதை ஒரு வைத்தியருக்குக் கொடுத்தாள், அவர் மருந்து குழைக்க. அப்புறம் ஒரு பட்டுப் புடவை. "இருக்கட்டும்" என்றாள், மறுபடியும் நூறடி. அதைச் சீதையின் மகளுக்குக் கொடுத்தாள். மூன்றாவதாக வந்தது ஒரு சின்னச் செம்பு. அவள் தாய், இருந்த ஒரே வளையலை விற்று வாங்கிக் கொடுத்தது. அந்த வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. தேனம்மை பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கும் முத்தாயியின் கையில் செம்பைக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்தது. கரைகாணாத அந்த அறை சாதாரண அறையாகிவிட்டது. அதற்கு ஒரு ஜன்னல்கூட இருந்தது, அதுவரை யாரும் பார்க்கவில்லை. மிச்சம் மூன்று சாமான். ஒரு வெள்ளித் தொட்டில், கைக்குழந்தையாக உமையாள் கிடந்தது அதில்தான். ஒரு பாவை விளக்கு, அதன் முகம் உமையாளின் முகமேதான். மூன்றாவது ஒரு கொட்டாங்குச்சி அகப்பை, நார்கூடச் சரியாக உரிக்காதது.

கதவுக்காரன் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஊரார், விளக்குத்தான், முகத்தைப் பார் என்றார்கள். தொட்டில்தான், அவள் கிடந்த தொட்டில் என்றார்கள். வரிசையில் கடைசியாக நின்ற கூழ்க்காரி வள்ளி, "நீங்க எதை வேணாலும் வச்சுக்குங்க ஆச்சி, அந்த அகப்பையை எனக்குக் கொடுங்க, கூழ் கிண்ட ஆகும்" என்றாள்.

தேனம்மை கொடுக்கலாம் என்றுதான் அகப்பையை எடுத்தாள். கண்ணை மூடித் தடவினாள். தடவிய கை நின்றுவிட்டது.

தொட்டிலை அவள் கைக்குத் தெரியும், இடது கொக்கியில் ஒரு நசுங்கல். விளக்கைத் தெரியும், கழுத்துக்குப் பின்னால் ஒரு கீறல். இந்த வீட்டில் அந்தக் கைகளுக்குத் தெரியாத சாமான் கிடையாது. ஆனால் இதன் வளைவு தெரியவில்லை, சொரசொரப்பு தெரியவில்லை, கனம் தெரியவில்லை. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூடத் தொடாதது இது ஒன்றுதான்.

"இதை எனக்குத் தெரியல" என்றாள். "என் கைக்கே தெரியல. இதுதான் என் மக."

தொட்டிலைப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கும் விளக்கைக் கோயிலுக்கும் கொடுத்தாள். வள்ளிக்குக் கொடுக்க, தன் அடுப்படியில் புழங்குகிற நல்ல அகப்பையைக் கொண்டுவரச் சொன்னாள். அறை காலியானது.

கதவுக்காரன் ஒரு கடைசிச் சிரிப்புச் சிரித்தான். "வச்சுக்கிற சாமானுக்கு நீங்க எப்பவும் ஒரு வார்த்தை சொல்வீங்களே ஆச்சி. அதைச் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை சொன்ன வார்த்தை. அது வரவில்லை. அகப்பையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "உமையா, வாடி என் ஆத்தா" என்று மட்டும் சொன்னாள்.

கொட்டாங்குச்சி சூடானது. நார் நீண்டு கூந்தலாயிற்று. காம்பு இரண்டு கையாகி அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. அந்த நேரத்தில் யாளி ஒரு பிளிறல் பிளிறியது. பித்தளை உதிர, நிஜ யாளியாக, யானை உயரத்தில் கதவைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. கதவுக்காரனை ஒரு கவ்வு கவ்வி முதுகில் போட்டுக்கொண்டு, ஓட்டுக்கூரைகளுக்கு மேலே தாவிப் போய்விட்டது. அது கடல் பக்கம் போனதா, மலைப் பக்கம் போனதா என்று தேக்கனூரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர் இருந்தது.

மறுநாள் பொங்கல். தேனம்மை வீட்டில் பொங்கப் பானை இல்லை. ஆனால் அவள் பாத்திரத்தில் பொங்கிய ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் இலையில் பொங்கல் வந்தது, வைக்க இடம் போதவில்லை. அதை வாங்கி வைக்கக்கூட அவள் எழுந்துபோகவில்லை. மகளை மடியில் இருத்திக்கொண்டு, அந்தக் கையால் அவள் நெற்றி, காது, கன்னம் என்று தடவிக்கொண்டிருந்தாள். முழங்கையில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது.

"இது எப்படிடி வந்துச்சு?"

"அது பெரிய கதை ஆத்தா" என்றாள் உமையாள்.

"சொல்லு" என்றாள் தேனம்மை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர்கள் பேசட்டும், நாம் போவோம்.