முதல் அலை மரியாதை

கடலோரக் காட்டில் ஒரு நரி இருந்தது. அதற்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் எந்தக் கூட்டத்திலும் முன்வரிசையில் உட்கார வேண்டும், தன்னைப் பார்த்து நாலு பேர் தலையாட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் மலையளவு இருந்தது.

கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் மூன்று நாள் விடுமுறை. அந்த நாட்களில் வேட்டை கூடாது. எல்லா விலங்குகளும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும். அலைமேல் சறுக்கி விளையாடும். அதற்கு முன்னால் கடல் எப்படி, காற்று எப்படி என்று ஒருவர் சொல்ல வேண்டும். சொல்பவருக்கு அடம்பங்கொடி மாலை போடுவார்கள். முதல் அலையில் இறங்கும் மரியாதையும் அவருக்குத்தான்.

வருஷா வருஷம் அதைச் சொல்வது ஆலாப் பறவை. பொழுதெல்லாம் கடல்மேலேயே பறப்பது அது. நரிக்கோ அந்த மாலைமேல் ஒரு கண். முதல் அலையைப் பற்றி அது யோசித்ததே இல்லை. மாலைக்குப் பின்னால் என்ன வரும் என்று யோசிக்கிற புத்தி அதற்கு ஏது?

அந்த வருஷம் முதல் நாள் காலையில் ஆலா கரையில் வந்து இறங்கியது.

"இன்னைக்கு யாரும் எறங்காதீங்க. மேற்கேருந்து கச்சான் காத்து அடிக்குது. தோப்பு மறைக்கிறதால இங்க தெரியல. கொஞ்சம் உள்ள போனா பலகையோட நடுக்கடலுக்குத் தள்ளிட்டுப் போயிடும். நாளைக்குப் பார்ப்போம்."

கூட்டத்தின் முகம் தொங்கிப்போனது. கரையில் காற்றே இல்லை. அலைகளோ சின்னச் சின்னதாய், வரிசையாய் வந்துகொண்டிருந்தன.

"மூணு நாள் லீவுல ஒரு நாள் போச்சா?" என்று முனகியது கரடி. முயலின் குட்டிகள் பலகையைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தன.

நரி நிமிர்ந்து பார்த்தது. சவுக்கு மரங்களின் உச்சிகள் கடல் பக்கமாக வளைந்து ஆடின. ஆலா சொன்னது சரிதான் என்று அதற்குப் புரிந்துவிட்டது. இந்த நேரத்தில் இனிப்பாக ஏதாவது சொல்கிறவனுக்கு மாலை நிச்சயம் என்பதும் கூடவே புரிந்தது. இரண்டில் எது அதன் வாயிலிருந்து வரும் என்று சொல்லவும் வேண்டுமா?

கவிழ்த்திருந்த ஒரு படகின்மேல் ஏறி நின்றது.

"ஆலாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம். கடல் எண்ணெய் தடவுன மாதிரி கெடக்கு. என் மீசை ஆடுதா பாருங்க. புள்ளைங்கள தாராளமா எறக்குங்க."

கூட்டம் கைதட்டியது. பிடித்ததைச் சொல்கிறவன்தான் அறிவாளி என்று நம்பும் கூட்டம் அது. மாலை நரியின் கழுத்தில் விழுந்தது.

"நரி போயிட்டுத் திரும்பி வரட்டும். அதுவரைக்கும் குட்டிங்கள விடாத," என்று முயலிடம் மட்டும் சொல்லிவிட்டு ஆலா ஒதுங்கிக்கொண்டது.

கரடி ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டது. "வாங்க நரியாரே, முதல் அலை உங்களுக்கு."

நரி ஓர் அடி பின்னால் நகர்ந்தது. "எனக்கு மாலையே போதும். முயல் குட்டிங்க ஆசையா நிக்குது. அதுங்க முதல்ல போகட்டுமே."

இதைச் சொல்ல அந்த வாய் கொஞ்சமும் கூசவில்லை.

"வழக்கத்த மாத்தக் கூடாது. சொன்னவர்தான் முதல்ல எறங்கணும்," என்றது கரடி.

"காலையிலேருந்து வயித்து வலி."

"உப்புத்தண்ணி பட்டா சரியாயிடும்."

"பலகை சின்னதா இருக்கே."

"நானே அதுலதான் போவேன்."

'பொய் சொல்லிட்டேன்' என்று நரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் மாலையைக் கழற்ற வேண்டியிருக்குமே! மனம் வரவில்லை. பலகையில் ஏறியது.

கரையோரம் சுகமாகத்தான் இருந்தது. நரி திரும்பிக் கையைக்கூட ஆட்டியது. தோப்பின் மறைவு முடிந்த இடத்தில் காற்று அதன் முதுகில் அறைந்தது. பயத்தில் விறைத்து நின்ற வால், காற்றுக்குப் பாய் விரித்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று. கரை சிறுத்துக்கொண்டே போனது.

"காத்து இருக்கு! காப்பாத்துங்க!" என்று அலறியது. காற்று கடல்பக்கம் அடித்ததால் அந்தக் குரல் கரைக்கு வரவே இல்லை.

"எவ்வளவு தூரம் போறாரு பாருங்க. கெட்டிக்காரர்தான்," என்று வியந்தது கரடி. அவர் திரும்பி வந்ததும் இறங்கலாம் என்று கூட்டம் கரையிலேயே காத்திருந்தது.

முயல் மட்டும் தன் குட்டிகளைத் தோப்புக்குள் இழுத்துக்கொண்டு போனது.

ஆலா பறந்து போய் நரியின் தலைக்குமேல் வட்டமிட்டது. "பலகைய விட்டுடாத. வாலை மடக்கிக்கிட்டுக் குப்புறப் படு. சாயங்காலம் காத்து திரும்பும்."

பொழுது சாயும் நேரத்தில் கடல்காற்று நரியைக் கரையில் கொண்டுவந்து தள்ளியது. உடம்பெல்லாம் உப்பு. கழுத்தில் மாலை வாடித் தொங்கியது. அப்போதும் கரடி ஓடி வந்து, "நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் நரியாரே?" என்று கேட்டது.

நரி வாய் திறப்பதற்குள் முயல் முன்னால் வந்து நின்றது. நரியைக் கண்டாலே புதருக்குள் பதுங்குகிற முயல் அது.

"தெரிஞ்சேதான் என் புள்ளைங்கள முதல்ல போகச் சொன்னியா?"

நரி தலை குனிந்தது. முயல் கையை நீட்டி, அதன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் கடலில் எறிந்தது. யாரும் தடுக்கவில்லை.

தான் இறங்கப் பயப்படும் தண்ணீரில் அடுத்தவர் பிள்ளையை இறங்கச் சொல்கிறவன், எத்தனை மாலை விழுந்தாலும் அற்பனே.